நல்லெண்ணெய் பூசிய பிறேக்

வாய் திறக்காதவர்களால் ஒருவருக்கும் ஆபத்தில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது முழுப் பிழை. அறுபத்தொன்பது வயது வரை நான் சத்தமாக ஒரு சொல் பேசியதில்லை. வடகத்தைக் கொத்த வருகிற காகத்துக்கு நான் சொல்லும் "சூ" எனக்கே கேட்காது. காகம் ஒருமுறை திரும்பிப் பார்க்கும், பிறகு தன் வேலையைத் தொடரும். அப்படிப்பட்ட நான், ஒரு சொல்லும் பேசாமல், கையில் ஒரு துணித்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பிக்கப் வண்டியைப் பக்கத்து வீட்டு வேலிக்குள் அனுப்பியிருக்கிறேன். (வேலிக்குச் சொந்தக்காரி பரமேஸ் என்னோடு இன்னும் கதைக்கிறாள். அது அவளுடைய பெரிய மனசு.)

வண்டி என் மகன் குமரனுடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது அதை மனைவி தர்சினியிடம் விட்டுப் போனான். தார்ப்பாய்ப் படங்கால் மூடி வைக்கச் சொல்லித்தான் விட்டான். தர்சினி படங்கை மடித்து வைத்துவிட்டு வண்டியை ஓட்டினாள்.

அதற்கு முன் அவள் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தாள். பகல் முழுக்க நின்ற நிலை. வீட்டுக்கு வரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். மானிப்பாய் பஸ்சில் இருந்து இறங்கி ஒழுங்கையால் நடந்து வருவதை நான் வாசல் படலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பிக்கப் கைக்கு வந்த பிறகு தோட்டங்களுக்குப் போய் வாழைக்குலை ஏற்றிச் சந்தையில் இறக்கத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் கால் வீக்கம் வற்றியது. நாலாம் மாதம் அவளுக்குப் பாட்டு வந்தது. வண்டி ஓட்டும்போது பாடுவாள். சுருதி சேராது, ஆனாலும் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலுக்கு ஏற்றிப் போவாள். முன் சீற்றில் இருந்து உலகத்தைப் பார்ப்பது வேறு ஒரு பிறவி போல இருந்தது எனக்கு.

இந்த நேரத்தில்தான் வண்டி கனைக்கத் தொடங்கியது. நிற்பாட்டும் நேரத்தில் மட்டும் முன் சக்கரச் சில்லுகளில் இருந்து "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். எனக்கு அது முதலாவது கிழமையே கேட்டது. சொல்லவில்லை. வண்டியைப் பற்றிச் சொல்ல நான் ஆர்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள். குலைகளின் பாரம் தாங்காமல் வண்டி முனகுகிறது என்று நினைத்து, கோயிலில் அதற்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தர்சினிக்கும் கேட்டது. சில்லைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு வட்ட இரும்புத் தட்டு, பழைய இசைத்தட்டுப் போல வரி வரியாகக் கிழிந்திருந்தது.

"மாமி, டிஸ்க் ரெண்டும் முடிஞ்சுது. மாத்தவேணும்" என்றாள்.

கராஜுக்குப் போனாள். அங்கே இருந்தவர் அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் ஆரும் வருகிறார்களா என்று பார்த்தாராம். "வீட்டிலை ஆம்பிளை ஒராளை அனுப்புங்கோ தங்கச்சி, அவருக்கு விளங்கப்படுத்திறன்."

"எனக்கு விளங்கினபடியாத்தானே அண்ணை வந்தனான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, வேறு கடையில் புது டிஸ்க் இரண்டும் அதற்குரிய பட்டைகளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தானே மாற்றப் போகிறாளாம். போனில் படம் பார்த்து எல்லாம் எழுதி வைத்திருக்கிறாளாம்.

இது என் அண்ணையின் காதுக்குப் போனது. அண்ணை நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் "ட்றைவர் ஐயா". வாகனத்தைப் பற்றி அவர் சொல்வதே முடிவு. (ஆனால் இந்த நாற்பது வருடத்தில் அவர் ஒரு சில்லைத் தன் கையால் கழற்றியதாக நான் அறியேன். அதற்கு டிப்போவில் ஆட்கள் இருந்தார்கள்.) அவர் வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, நீ வண்டி ஓடினாய், நான் ஒண்டும் சொல்லேல்லை. பிறேக் எண்டுறது விளையாட்டில்லை. அது உயிர். உதைப் பொம்பிளையள் தொடக்கூடாது."

"ஏன் மாமா, பொம்பிளையளுக்கு உயிர் இல்லையே?"

அண்ணை உடனே குமரனுக்குப் போன் எடுத்தார். மீசாலையில் தனக்குத் தெரிந்த ஒருவர் இந்த மாதிரி வண்டி தேடுகிறார், நல்ல மனிதர், விற்றுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றார். குமரன் அங்கிருந்து "ம்... ம்..." என்றான். அவன் என் பிள்ளை. சத்தமாகக் கதைக்க மாட்டான்.

தர்சினி போனை வாங்கினாள். "இஞ்சை கேளுங்கோ. சனிக்கிழமை நான் பிறேக் போடுறன். பின்னேரம் மாமாவும் அந்த மீசாலை ஐயாவும் வரட்டும். அவை சொல்லுற இடத்திலை வண்டி நிண்டால், வண்டி எங்கடை வீட்டிலை நிக்கும். நிக்காட்டி நானே சாவியைக் குடுக்கிறன்."

அண்ணைக்கு அது பிடித்துக்கொண்டது. தோற்கப் போகிறவள் தானே தேதி குறித்தால் ஆருக்குத்தான் பிடிக்காது?

நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாவி போனால் திரும்பவும் புடவைக்கடை, திரும்பவும் கால் வீக்கம், பாட்டும் நின்றுவிடும். இது எல்லாம் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து "அண்ணை, விடுங்கோ" என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். நான் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

சனிக்கிழமை காலை. மாமர நிழலில் வண்டி நின்றது. நான் முருங்கையிலை ஆய்கிற சாட்டில் ஒரு பலகைக்கட்டையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தேன். (அன்று முழுக்க ஆய்ந்தது ஒரே கொப்பு. மத்தியானம் வறை இல்லை, பருப்புத்தான்.)

பின் சில்லுகளுக்குக் கல் வைத்தாள். நட்டுக் கழற்றும் சாவியை நட்டில் மாட்டிவிட்டு அதன் மேல் ஏறி நின்று இரண்டு தரம் துள்ளினாள். நட்டு "கிறீச்" என்று இளகியது. பிறகு ஜக்கை வைத்து உயர்த்தினாள். அத்தனை பெரிய வண்டியின் முகம், ஒரு பெண் கையால் சுற்றச் சுற்ற, மாடு தலை நிமிர்வது போல மெல்ல மெல்ல நிமிர்ந்தது. நான் ஆய்ந்த இலையை நிலத்திலும் காம்பைச் சுளகிலும் போட்டுக்கொண்டிருந்தேன். உயர்ந்த வண்டிக்குக் கீழே இரண்டு பக்கமும் பனங்குத்தி கொடுத்து, தள்ளிப் பார்த்து, ஆடாது என்று கண்ட பிறகுதான் கையை உள்ளே விட்டாள்.

டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருந்த ஒரு கனத்த இரும்பைக் கழற்றினாள். "மாமி, ஒரு கயிறு தாங்கோ. இதைத் தொங்க விடக்கூடாது. இதோடை வாற குழாய்க்குள்ளாலைதான் பிறேக் எண்ணெய் ஓடுறது. இழுபட்டால் போச்சு."

கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். குழந்தையை ஏணையில் கிடத்துகிற மாதிரி அந்த இரும்பைக் கயிற்றில் தூக்கிக் கட்டினாள். எனக்கு மெய் சிலிர்த்தது. குமரனை ஏணையில் போடும்போது நான் இவ்வளவு கவனமாக இருந்தேனா என்று யோசித்தேன். இருந்திருக்க மாட்டேன். ஒருமுறை விழுந்திருக்கிறான்.

பழைய டிஸ்க் வரமாட்டேன் என்றது. துருக் கறள் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டினாள், வரவில்லை. வேர்வையைத் தோளில் துடைத்துவிட்டு யோசித்தாள். டிஸ்க்கின் முகத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. அவை இரண்டிலும் இரண்டு போல்ற்றை விட்டு, இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று மாறி மாறி முறுக்கினாள். "டக்!" தட்டுக் கழன்று அவள் மடியில் விழுந்தது. சுத்தியல் அடித்து வராததை இரண்டு சின்ன ஆணிகள் உள்ளே இருந்து தள்ளிக் கொடுத்துவிட்டன. அந்த ஓட்டைகளைச் செய்த ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இது இப்படி ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும் என்று முதலே தெரிந்து, வழியும் வைத்து அனுப்பியிருக்கிறார்.

"இது என்ன செய்யிறது பிள்ளை?" என்று கேட்டேன். அன்று நான் கேட்ட முதலாவது கேள்வி.

"இந்தத் தட்டு சில்லோடை சுத்தும் மாமி. பெடலை மிதிச்சால் ரெண்டு பக்கத்தாலையும் இந்தப் பட்டை வந்து கவ்விப் பிடிக்கும். தட்டு நிண்டால் சில்லு நிக்கும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

நான் அசந்துபோய் இருந்தேன். சோற்றுத்தட்டிலும் கொஞ்சம் பெரிய ஒரு இரும்பு. அதுதான் ஒரு வண்டி வாழைக்குலையையும் எங்கள் இரண்டு பேரையும் சந்தியில் நிறுத்துகிறது. கொழும்புக்கும் பருத்தித்துறைக்கும் நான் போய்வந்த அத்தனை வாகனமும் ஏதோ ஒரு இரும்பு இப்படிக் கவ்விப் பிடித்துத்தான் நின்றிருக்கிறது. இத்தனை வருடமும் நான் பிள்ளையார் நிற்பாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு புது டிஸ்க்கைப் பெட்டியில் இருந்து எடுத்தாள். அப்பாடா! பூரண சந்திரன். என் முகம் அதில் தெரிந்தது, அதுவும் வயது குறைந்து தெரிந்தது. அதன் மேல் மெழுகுபோல ஒரு எண்ணெய் பூசியிருந்தது, மெசின் நாற்றம். தர்சினி துணியைப் பெற்றோலில் நனைத்து அந்த எண்ணெயை ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்தெடுத்தாள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு எல்லாம்.

நான் தலையாட்டினேன். இது எனக்குத் தெரிந்த வேலை! கடையில் இருந்து புதுத் தோசைக்கல் வாங்கினால் முதலில் என்ன செய்வோம்? அதில் பூசி வருகிற கடை எண்ணெயைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுப்போம். அடுத்தது? நல்லெண்ணெய் பூசிப் பழக்குவோம். அப்படிப் பழக்காத இரும்பு எங்கள் கிணற்றுத் தண்ணிக்கும் உப்புக் காற்றுக்கும் ஒரு இரவு தாங்காது. அரிவாள், சத்தகக் கத்தி, தேங்காய்த் திருவலை எல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான் பழகியவை. என் கல்யாணத்தின்போது வந்த தோசைக்கல் இன்னும் கறள் காணவில்லை.

தர்சினி இரண்டு டிஸ்க்கையும் இரண்டு பக்கமும் மாட்டினாள். நான் காத்திருந்தேன், இப்போது எண்ணெய் பூசுவாள் என்று. பூசவில்லை. அந்த நேரம் குமரனின் போன் வந்தது. எங்கள் வீட்டில் போன் ஒழுங்காகக் கேட்கிற இடம் பின் விறாந்தையின் மூலை ஒன்றுதான். "மாமி, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ, வாறன்" என்று போய்விட்டாள்.

நானும் அந்த இரண்டு சந்திரன்களும் தனியே இருந்தோம்.

பாவம், படிச்ச பிள்ளை, முதல் பாதி தெரிந்திருக்கிறது, இரண்டாம் பாதி மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். போனில் அந்த இடத்தில் படம் நின்றிருக்கும். அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்கு வெட்கமாக இருக்குமே! (என் வெட்கம் போதாதென்று மற்றவர்களின் வெட்கத்தையும் நானே பட்டுக்கொள்வேன்.) சொல்லிக் காட்டாமல் செய்கிற உதவிதான் உதவி என்று குசினிக்குள் போனேன்.

செக்கில் ஆட்டுவித்த நல்லெண்ணெய். வெள்ளைத் துணித்துண்டு. நாலு முகத்திலும் வட்டம் வட்டமாகப் பூசினேன். கூடிப்போகக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? உலர்ந்த துணியால் ஒற்றி, பார்த்தால் தெரியாத மெல்லிய படையாக விட்டேன். அவ்வளவு வடிவாக நான் தோசைக்கல்லைக் கூடப் பழக்கியதில்லை. கடைசியாக நடுவில், நட்டு வருகிற இடத்துக்குப் பக்கத்தில், ஆளுக்கொரு சந்தனப் பொட்டு. கையைக் கூப்பி, "எங்கடை பிள்ளை மிதிக்கேக்கை நிண்டிடு" என்று கேட்டுக்கொண்டேன்.

தர்சினி திரும்பி வந்து பொட்டைக் கண்டாள். எண்ணெயைக் காணவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான். கையுறை போட்டபடி என் தோளைத் தொட்டாள்.

"உவர் போனிலை அழுதிடுவார் போலை இருக்கிறார். நீங்கள் ஒராள்தான் மாமி என்ரை பக்கம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னொரு கை எண்ணெய் பூசியிருக்கலாமோ என்று கூட நினைத்தேன்.

அதன் பிறகு புதுப் பட்டை, கவ்வி, சில்லு எல்லாம் ஒழுங்காக ஏறின. உள்ளே ஏறி இருந்து பெடலைப் பல தரம் மிதித்தாள். முதலில் காற்றுப்போல இறங்கியதாம், பிறகு கல்லுப்போல நின்றதாம். முற்றத்துக்குள் ஆமை வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். வண்டி நின்றது. அவள் பாடத் தொடங்கினாள்.

பின்னேரம் அண்ணை வந்தார், கையில் சுண்ணாம்பு டப்பாவோடு. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு சின்ன வைரவர் கோயில். ஒரு கல், ஒரு சூலம். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒழுங்கைக்குக் குறுக்கே கோடு கீறினார். கோட்டுக்கு அப்பால் ஐந்து பாகம், அதாவது முப்பது அடி தள்ளி, பொலிஸ்காரர் போல ஒரு கையை நீட்டிக்கொண்டு தானே நின்றார். அவருக்குப் பக்கத்தில் மீசாலை ஐயா, வெள்ளை வேட்டி, கையில் குடை. பரமேஸும் மற்றவர்களும் வேலிகளுக்கு மேலால் தலை வைத்திருந்தார்கள். நான் எங்கள் படலையின் ஓட்டைக்குப் பின்னால்.

முதல் தரம் மெதுவாக வந்தாள். கோட்டுக்கு முன்னால் நின்றது. ஆனால் தர்சினியின் நெற்றி சுருங்கியது. "புதுசுதானே, பதியவேணும்" என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். திரும்பிப் போய் இரண்டாம் தரமும் அதேபோல. கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"உது என்ன பிள்ளை, நடையே? சந்தைக்கு உந்த வேகத்திலையே போறனீ?" என்றார் அண்ணை. "ஓடுற மாதிரி ஓடி நிப்பாட்டு."

மூன்றாம் தரம் ஓடுகிற மாதிரி ஓடி வந்தாள். எங்கள் படலையைத் தாண்டும்போது அவள் சீற்றை விட்டு எழும்பிப் பிறேக்கை மிதித்ததைக் கண்டேன். வண்டி மட்டும் அதைக் கேள்விப்படவில்லை. கோடு போனது. அண்ணையின் நீட்டிய கை அப்படியே இருந்தது, ஆனால் முகம் மாறியது. நாற்பது வருடம் பஸ்சுக்குள் இருந்தவர், வாகனம் முன்னால் இருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டார். ஒரே பாய்ச்சல். எழுபத்தைந்து வயதில் வைரவர் பீடத்தில் ஏறிச் சூலத்தைக் கட்டிப்பிடித்தார். மீசாலை ஐயாவைக் காணவில்லை, குடை மட்டும் ஒழுங்கையில் கிடந்தது. தர்சினி ஹாண்ட்பிறேக்கை இழுத்து, ஸ்ரேறிங்கை வெட்டி, ஆட்கள் இல்லாத பக்கமாக வண்டியைப் பரமேஸின் தென்னங்கிடுகு வேலிக்குள் விட்டாள். வேலி "சரசர" என்று விலகி, வண்டியின் முகத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டு கோழி பறந்தது.

ஒருவருக்கும் கீறலும் இல்லை. வைரவர் பார்த்துக்கொண்டார்.

முன் சில்லுகளில் இருந்து மெல்லிய புகை எழுந்தது. குடையைத் தேடிக்கொண்டு வந்த மீசாலை ஐயா மூக்கை உயர்த்தினார்.

"ஆரோ தோசை சுடுகினம் போலை கிடக்கு."

"என்ரை வீட்டிலை இல்லை" என்றாள் பரமேஸ்.

"நல்லெண்ணெய் மணம். நல்ல எண்ணெய்" என்றார் மீசாலை ஐயா.

படலைக்குப் பின்னால் நான் என் விரல்களை மணந்து பார்த்தேன். எனக்கு அந்த நிமிடம் எல்லாம் விளங்கியது. கவ்விப் பிடிக்க வேண்டிய இடத்தில் நான் வழுக்க விட்டிருக்கிறேன்! தோசை ஒட்டாமல் வரவேண்டும் என்றுதானே கல்லுக்கு எண்ணெய். பட்டையும் அப்படியே ஒட்டாமல் வந்துவிட்டது.

அண்ணை பீடத்தில் இருந்து இறங்கினார். கால் நடுங்கினாலும் வாய் நடுங்கவில்லை. "நான் சொன்னனான்! பிறேக் பொம்பிளையளின்ரை வேலை இல்லை எண்டு சொன்னனான்! எல்லாரும் பாத்தியளே? இண்டைக்கு ஆள் செத்திருக்கும்!"

தர்சினி இறங்கி நின்றாள். முகத்தில் இரத்தமில்லை. "எல்லாம் சரியாத்தானே செய்தனான்... ஒண்டும் விடேல்லையே..." என்று சில்லைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சாவியைக் கழற்றி அண்ணையிடம் நீட்டினாள்.

படலை திறந்தது. நான்தான் திறந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

"நான்தான்!"

ஒழுங்கை முழுக்கத் திரும்பியது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான் அண்ணை! பிள்ளை சரியாத்தான் செய்தவள். அவள் அங்காலை போன நேரம் நான்தான் எண்ணெய் பூசினனான். நாலு பக்கமும் பூசினனான்!"

"எதுக்கடி?" என்றார் அண்ணை.

"கறள் பிடிக்காமல்."

"எடி விசரி, பிறேக்குக்கு ஆரும் எண்ணெய் பூசுவினமே?"

"எனக்கென்ன தெரியும்? தோசைக்கல்லுக்குப் பூசுறனான்."

தர்சினி குந்தியிருந்து சில்லின் இடைவெளிக்குள் விரலை விட்டாள். எடுத்து மணந்தாள்.

"மாமி... நல்லெண்ணெயோ?"

"ஓம் பிள்ளை. செக்கிலை ஆட்டினது. கலப்படம் இல்லை" என்றேன், அது ஏதோ குற்றத்தைக் குறைக்கும் என்பதுபோல.

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாள் என்று ஓடிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வர வர, கிடுகுத் துண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுதான்! பின் சில்லுதான் பிடிச்சது, முன் சில்லு பிடிக்கேல்லை! என்ரை வேலையிலை பிழை இல்லை!"

"வண்டியிலை பிழை இல்லை, மாமியாரிலைதான் பிழை" என்று தீர்ப்புச் சொன்னார் மீசாலை ஐயா.

அண்ணை விடவில்லை. "என்னவாயிருந்தாலும் நிக்கேல்லைத்தானே? சொன்ன சொல்லு சொல்லுத்தான். கொண்டா சாவியை."

தர்சினியின் கையில் இருந்த சாவியை நான் எடுத்தேன். எடுத்து என் சேலைத் தலைப்பில் முடிந்து, முடிச்சை இடுப்பில் செருகினேன். "நாளைக்குக் காலமை இதே இடத்துக்கு வாங்கோ அண்ணை. அப்ப நிக்காட்டி நானே தாறன். இப்ப வந்து தேத்தண்ணி குடியுங்கோ, உங்களுக்குக் கால் நடுங்குது."

ஒரே நாளில் நான் பேசியது அந்த வருடம் முழுக்கப் பேசியதிலும் கூட. இரவு தொண்டை கட்டிக்கொண்டது.

அடுத்த நாள் விடிந்ததும் தர்சினி சில்லுகளைத் திரும்பக் கழற்றினாள். எண்ணெய் குடித்த பட்டை இனிச் சரிவராது என்று சைக்கிளில் போய்க் கடைக்காரரை எழுப்பிப் புதுப் பட்டை கொண்டுவந்தாள். டிஸ்க் துடைக்கிற வேலை எனக்கு. பெற்றோலில் நனைத்த துணியால் ஏழு தரம் துடைத்தேன். ஒவ்வொரு தரமும் அவள் ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பாள். "இன்னும் இருக்கு மாமி. நீங்கள் வேலை வடிவாச் செய்திருக்கிறியள்."

எல்லாம் பூட்டி முடிந்ததும் என்னை ஏற்றி ஓட்டுநர் சீற்றில் இருத்தினாள். "மிதியுங்கோ."

"நானோ?"

"நீங்கள்தான். மிதியுங்கோ."

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தேன். பெடல் ஒன்றுமில்லாமல் உள்ளே போனது. திரும்ப மிதித்தேன். மூன்றாம் தரம் ஏதோ ஒன்று காலைச் சந்தித்தது. நாலாம் தரம் அது உறுதியாக நின்றது, நிலம்போல. அங்கே தொலைவில், சில்லுக்குள், இரண்டு பட்டை வந்து அந்தத் தட்டைக் கவ்விக்கொள்வது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கருவறைத் திரை விலகும்போது ஒரு கணம் வாய் அடைத்துப்போகுமே, அப்படி இருந்தது. நான் காலை எடுக்கவில்லை.

"மாமி, காணும், எடுங்கோ."

"கொஞ்சம் பொறு பிள்ளை."

முற்றத்திலும் ஒழுங்கையிலும் மெல்ல ஓடி ஓடிப் பட்டையைப் பதிய வைத்தாள். அண்ணை வந்தார். கோட்டுக்கு அப்பால் ஒருவரும் நிற்கக்கூடாது என்று தர்சினி சொல்வதற்கு முன்பே அவர் சூலத்துக்குப் பின்னால் போய்விட்டார். மீசாலை ஐயாவும் அங்கேதான். நான் முன் சீற்றில் ஏறினேன். அவள் வேண்டாம் என்றாள், நான் இறங்கவில்லை. பூசினவள் ஏறத்தான் வேண்டும்.

ஓடுகிற மாதிரி ஓடினாள். வேலிகள் பின்னால் பறந்தன. எங்கள் படலை பறந்தது. வெள்ளைக் கோடு எங்களை நோக்கி ஓடி வந்தது. தர்சினி மிதித்தாள். நான் முன்னால் குனிந்து, சீற் பெல்ற் பிடித்து இழுக்க, திரும்பச் சாய்ந்தேன். சத்தமில்லை, கனைப்பில்லை. கோடு வண்டியின் முகத்துக்கு முன்னால் முழுதாகக் கிடந்தது. சாவிக்கொத்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

சூலத்துக்குப் பின்னால் அண்ணை கண்ணை மூடியபடி நின்றார்.

"முடிஞ்சுது ஐயா, கண்ணைத் திறவுங்கோ" என்றார் மீசாலை ஐயா. பிறகு ஜன்னலடிக்கு வந்து குடையை ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, வண்டி விக்கிற கதையை விடுவம். என்ரை பழைய வானும் நிப்பாட்டேக்கை ஒரு சத்தம் போடுது. ஒருக்காப் பாக்கேலுமே?"

அண்ணை கண்ணைத் திறந்து, கோட்டைப் பார்த்து, வண்டியைப் பார்த்து, மீசைக்குக் கீழே சொன்னார்: "நான் கீறின கோடு. அளந்து கீறினது."

இப்போது மாமர நிழலில் மாதத்துக்கு ஒன்றிரண்டு வாகனம் வந்து நிற்கிறது. மீசாலை ஐயாவின் வான் முதலாவது. சந்தைக்குப் போகாத நாட்களில் தர்சினி கழற்றிப் பூட்டுவாள். பெடல் மிதிக்கிற வேலை எனக்கு. "மாமி, மிதியுங்கோ" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவேன். எத்தனை வாகனம் மிதித்துவிட்டேன், அந்த நாலாவது மிதியில் இன்றைக்கும் எனக்கு வாய் அடைத்துத்தான் போகிறது.

அண்ணை எங்கள் பிக்கப்பில் ஏறுமுன் குனிந்து முன் சில்லை மணந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். குமரன் போன் எடுத்தால், சுகம் கேட்க முன்பே, "அம்மா, இண்டைக்கு எதுக்கு எண்ணெய் வைச்சனீங்கள்?" என்பான். ஊரில் புதுத் தோசைக்கல் வாங்குகிறவர்கள் பழக்குவதற்கு என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். வழுக்கும் என்று உத்தரவாதம் இருக்கிறதாம்.

அந்த ஞாயிறு பின்னேரமே தர்சினி என் நல்லெண்ணெய்ப் போத்தலில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "தோசைக்கு மட்டும்". எண்ணெய் முடிந்து போத்தல் மாறும்போதெல்லாம் இப்போது அதை நானே எழுதி ஒட்டுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படிப்பித்ததற்கு ஒரு பலன் இருக்கவேண்டாமா?